பெங்களூர்ல புதுசா ஒரு தமிழ் சபை ஆரம்பிக்கிறவங்களுக்கு: ஆளுங்க, வாடகை, கணக்கு

ஐடி வேலைய விட்டுட்டு ஊழியத்துக்கு வரேன்னு சொல்ற தம்பிங்க இந்த ஊர்ல ஜாஸ்தி ஆயிட்டாங்க, நல்லதுதான். ஆனா வந்து உக்காந்ததும் கேக்குறது ஹால் எங்க கிடைக்கும், மிக்சர் கீபோர்டுக்கு எவ்ளோ ஆகும், சபைக்கு என்ன பேரு வெக்கலாம், இதுதான். இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் பிரதர். மொதல்ல யாருக்காக இந்த சபைன்னு சொல்லுங்க, அடுத்தது காணிக்கையே வராட்டியும் எத்தனை மாசம் தாங்கும்னு சொல்லுங்க. ஸ்டார்ட்அப் நடத்துறவங்க ரன்வேன்னு சொல்றாங்களே அதேதான் இது. கர்த்தர் பாத்துக்குவார்ங்கறது உண்மைதான், ஆனா அஞ்சாம் தேதி வந்து நிக்கிற வீட்டு ஓனருக்கு அந்த பதில் செல்லாது.

தமிழ் ஜனங்களுக்கு இங்க சபையே இல்லன்னு நெனச்சு மட்டும் ஆரம்பிக்காதீங்க. 1809ல கன்டோன்மென்ட் வந்தப்பவே பட்டாளத்தோட நம்ம ஆளுங்களும் வந்துட்டாங்க, சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்கு செப்டம்பர்ல ஒரு தடவ போய் நின்னா தெரியும் எத்தனை தமிழ்ச் சனம்னு. சிஎஸ்ஐ, மெதடிஸ்ட், லுத்தரன், ஏஜி, பெந்தெகொஸ்தே எல்லாமே இருக்கு. ஃப்ரேசர் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் இன்னொரு போர்டு மாட்டினா பக்கத்து சபை ஆளுங்கதான் வந்து உக்காருவாங்க, அது ஆடு திருட்டு, வளர்ச்சி இல்ல. அடுத்தவன் போட்ட அஸ்திபாரத்து மேல கட்ட மாட்டேன்னு பவுல் ரோமருக்கு எழுதினத அந்த நேரத்துல யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க.

ஆனா சபை கிடைக்காத ஆளுங்க இருக்கத்தான் செய்றாங்க. எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, சர்ஜாபுரா ரோடு, ஒயிட்ஃபீல்டு பக்கம் பிஜியில, அதாவது பேயிங் கெஸ்ட் ஹாஸ்டல்ல, தங்கியிருக்கிற திருநெல்வேலி தூத்துக்குடி பசங்க, ஞாயித்துக்கிழமையும் ட்யூட்டி இருக்கிற நர்ஸுங்க, செக்யூரிட்டி ஹவுஸ்கீப்பிங் வேலை பாக்குற தர்மபுரி கிருஷ்ணகிரி குடும்பங்க, 2001ல தங்கச் சுரங்கம் மூடினதுக்கப்புறம் கேஜிஎஃப்ல (கோலார் தங்க வயல்) இருந்து விடியக்காலை ட்ரெயின் ஏறி வேலைக்கு வர்ற சனம், கொஞ்சம் கொஞ்சமா கே.ஆர்.புரம் பக்கம் குடியேறிட்டவங்க. இவங்க எல்லாருக்கும் ஒரே சபை நடத்த முடியாது. நர்ஸுக்கு காலைல பத்து மணி ஆராதனை உதவாது, சாயங்காலம் வேணும். பிஜி பையனுக்கு ஆராதனை முடிஞ்சப்புறம் ஒரு சாப்பாடு, யாராவது பேரு சொல்லி கூப்பிடணும், அவ்ளோதான். யாருன்னு முடிவு பண்ணிட்டா இடம், நேரம், பிரசங்கம் எவ்ளோ நீளம் எல்லாமே தானா அமையும்.

இதுல ஒரு பெரிய விஷயம் மொழி. இங்கேயே பொறந்து வளந்த புள்ளைங்க வீட்ல தமிழ் பேசும், ஆனா வாசிக்கத் தெரியாது, ஸ்கூல்ல கன்னடமும் இங்கிலீஷும்தான். ஸ்க்ரீன்ல பாட்டு தமிழ் எழுத்துல மட்டும் போட்டா அதுங்க சும்மா நிக்கும், இங்கிலீஷ் எழுத்துலயும் சேர்த்துப் போட்டா அம்மா அப்பாவ விட சத்தமா பாடும். சண்டே ஸ்கூல இங்கிலீஷ்ல நடத்த கூச்சப்படாதீங்க. தமிழ் சபையில இங்கிலீஷாங்கன்னு ஒரு பெரியவர் கண்டிப்பா கேப்பாரு, அவரு பேரனையே ஒரு வசனம் தமிழ்ல வாசிக்கச் சொல்லுங்க, பேச்சு அங்கயே முடிஞ்சிடும்.

ஆளுங்க யாருன்னு தெரிஞ்சப்புறம் நேரா ஹாலுக்கு ஓடாம வீட்டுக் கூட்டமா நடத்துங்க, ஒரு வருஷம் ஆனாலும் பரவால்ல. பைபிள்ல வர்ற பிலேமோன் வீட்லயும் சபை கூடினதுதான். வாரா வாரம் தவறாம வர்ற எட்டு பத்து குடும்பம், அதுலயும் நீங்க ஊருக்குப் போயிருந்தாலும் கூட்டத்த நடத்தக்கூடிய ரெண்டு பேரு, இது தேறுற வரைக்கும் வாடகைக்கு இடம் பாக்காதீங்க. அப்பார்ட்மென்ட்ல நடத்துனா அசோசியேஷன்ல முன்னாடியே சொல்லிடுங்க, கைத்தாளம் டோலக் எல்லாம் வேணாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்க மேல கோவம்னா அவருக்கு நீங்க எதையும் பிரசங்கிக்க முடியாது.

வேலைய உடனே விடாதீங்க. பவுல் கொரிந்துல ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீட்ல தங்கி கூடாரம் பண்ணிக்கிட்டேதான் ஊழியம் பண்ணாரு, நீங்க மான்யதா டெக் பார்க்ல கோட் எழுதிக்கிட்டே பண்ணா ஒண்ணும் குறைஞ்சிடாது. சம்பளம் வர்றவரைக்கும் பிரசங்கம் நேர்மையா இருக்கும், ஏன்னா காணிக்கை நெறைய போடுற அண்ணனுக்கு பயப்பட வேண்டியதில்ல. வீட்டம்மாகிட்ட பேசிட்டீங்களான்னும் கேப்பேன். பாஸ்டரம்மான்னா சும்மா இல்ல, எத்தனை பேருக்கு டீ போடறது, யாருக்கு ஆஸ்பத்திரிக்கு துணைக்குப் போறது, எல்லாம் அவங்க தலைலதான் விழும், அவங்க முழு மனசோட சரின்னு சொல்லாம ஆரம்பிக்கிறது சரியில்ல.

இப்ப ஹால். ஒரு கணக்குக்கு மாசம் 40,000 வாடகைன்னு வெச்சுக்குங்க, இங்க ஓனருங்க பத்து மாச அட்வான்ஸ் கேக்குறது சகஜம், அப்ப கதவு திறக்கறதுக்கு முன்னாடியே நாலு லட்சம் போச்சு, அதுக்கு மேல கரண்ட், சேர், ஃபேன், பெயிண்ட். வாரத்துல மூணு மணி நேரம் யூஸ் பண்ற இடத்துக்கு இவ்ளோ எதுக்கு? ஸ்கூல் ஹால், பார்ட்டி ஹால் மாதிரி ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் குடுக்குற இடம் பாருங்க, இல்லன்னா ஏற்கெனவே கட்டடம் வெச்சிருக்கிற ஒரு மலையாள சபையோ தெலுங்கு சபையோ சாயங்காலம் சும்மாதான் வெச்சிருக்கும், போய் கேளுங்க. இந்த ஊர்ல ஒரே கட்டடத்துல ரெண்டு மூணு மொழி ஆராதனை நடக்குறது ஒண்ணும் புதுசு இல்ல. தனி இடம்தான் வேணும்னா அக்ரிமென்ட்ல ஜெபக்கூட்டம் நடத்தன்னு தெளிவா எழுதி வாங்குங்க, ட்யூஷன் சென்டர் ஆபீஸ்னு எழுதிட்டு உள்ள ஆராதனை நடத்துனா, நாளைக்கு யாராவது கம்ப்ளெயின்ட் குடுக்குறப்ப ஓனர் உங்கள தெரியாதுன்னுடுவாரு.

சத்தத்துக்கு சட்டமே இருக்கு. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் 45, லவுட் ஸ்பீக்கருக்கு அனுமதி வாங்கணும். நாப்பது பேரு கூடுற ரூமுக்கு எதுக்குங்க அவ்ளோ பெரிய ஸ்பீக்கர்? போர்டு மாட்டுறப்ப 60 சதவீதம் கன்னடம் இருக்கணும், அதுவும் மேல் பக்கம், 2024ல வந்த திருத்தச் சட்டம் டிரஸ்ட்டுகளுக்கும் சேர்த்துதான். சட்டத்துக்காக மட்டும் இல்ல, இந்த ஊர்ல இருக்குறோம், ஆட்டோக்காரர் வாசிக்க முடியணும்ல.

பதிவு பண்றதுல நெறைய பேரு டிரஸ்ட்டுதான் போடுறாங்க, சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல டீட், அதாவது டிரஸ்ட்டு பத்திரம், பதிவு பண்ணா வேலை முடிஞ்சது. சொசைட்டின்னா குறைஞ்சது ஏழு பேரு வேணும், வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டணும், அதனால பாஸ்டருங்களுக்கு அது புடிக்கிறதில்ல. டிரஸ்ட்டு போடுங்க, தப்பில்ல, ஆனா டிரஸ்டிங்க நீங்க, உங்க மனைவி, உங்க மச்சான்னு இருந்தா அது சபை இல்ல, குடும்பச் சொத்து. ரத்த சம்பந்தம் இல்லாதவங்க பாதிக்கு மேல இருக்கட்டும், பதவிக்காலம் எழுதுங்க, பாஸ்டர நீக்குறதுன்னா எப்படின்னும் எழுதுங்க, எழுதுறப்ப கை கொஞ்சம் நடுங்கும், நடுங்கட்டும்.

அடுத்து காணிக்கை, இங்கதான் ஜாஸ்தி கெடுது. டிரஸ்ட்டு பேர்ல பான், டிரஸ்ட்டு பேர்ல பேங்க் அக்கவுன்ட், க்யூஆர் கோடும் அந்த அக்கவுன்டுக்கே. பாஸ்டரோட சொந்த ஜிபே நம்பர ஸ்க்ரீன்ல போடுற வழக்கம் வேணாம். சொந்தக்காரங்க இல்லாதவங்ககிட்ட இருந்து வருஷத்துக்கு 50,000க்கு மேல உங்க கணக்குக்கு அன்பளிப்பா வந்தா அது முழுசும் உங்க வருமானம்னு வரி போடுவாங்க, அதுக்கு மேல சபையில பேச்சும் கிளம்பும். ஆடிட்டர புடிச்சு டிரஸ்ட்டு வருமானத்துக்கு வரி விலக்கு தர்ற பதிவ வாங்குங்க, 12ஏன்னு சொல்லிப் பழக்கம். காணிக்கை போடுறவங்களுக்கு வரிச் சலுகை தர்ற 80ஜி ரசீது குடுக்குறோம்னு விசுவாசிங்ககிட்ட சொல்லிடாதீங்க, ஒரு மதத்துக்காக மட்டும் நடத்துற டிரஸ்ட்டுக்கு அது கிடையாது.

வெளிநாட்டுப் பணம் இன்னொரு தலைவலி. துபாய்ல இருக்கிற அண்ணன் இந்திய பாஸ்போர்ட் வெச்சிருந்தா, சொந்த சம்பாத்தியத்துல பேங்க் வழியா அனுப்பினா பிரச்னை இல்ல. அமெரிக்கா சிட்டிசன் ஆயிட்ட சித்தப்பா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை, அத வாங்க எஃப்சிஆர்ஏ சட்டப்படி பதிவு வேணும். அந்தப் பதிவுக்கு மூணு வருஷம் நடந்த அமைப்பா இருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சம் செலவு பண்ணிருக்கணும், பணமும் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் அக்கவுன்ட்லதான் வந்து விழணும். புது சபைக்கு அது ஒத்து வராது, சித்தப்பாகிட்ட ஜெபம் மட்டும் கேளுங்க.

ஆராதனை முடிஞ்ச உடனே, எல்லாரும் டீ குடிக்கிறப்பவே, ஒரே குடும்பத்தைச் சேராத ரெண்டு பேரு எண்ணி, ஒரு தாள்ல எழுதி கையெழுத்து போட்டு, திங்கக்கிழமை பேங்க்ல கட்டணும். நீங்க அந்தப் பணத்த தொடவே கூடாது. மாசக் கடைசியில ஒரு பக்கக் கணக்கு, வரவு இவ்ளோ வாடகை இவ்ளோ பாக்கி இவ்ளோன்னு சபை வாட்ஸ்அப் குரூப்ல. உங்களுக்கு சம்பளம்னு ஆரம்பிச்சா அத மத்தவங்க முடிவு பண்ணட்டும், நீங்க அந்த மீட்டிங்ல உக்காரக் கூடாது.

சண்டே ஸ்கூல்ல ஒரு புள்ளையோட ஒரே ஒரு பெரியவர் தனியா இருக்கக் கூடாது, கதவு திறந்தே இருக்கணும். புள்ளைங்ககிட்ட யாராவது பாலியல் ரீதியா தப்பா நடந்தாங்கன்னு தெரிஞ்சா, போக்ஸோ சட்டப்படி போலீஸ்ல சொல்லியே ஆகணும், மூப்பர் குழுவுல பேசித் தீத்துக்கலாம்ங்கறதுக்கு இடமே இல்ல.

ஞானஸ்நானம் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல பாருங்க. கர்நாடகாவுல 2022ல மதமாற்றச் சட்டம் வந்துச்சு, 30 நாளைக்கு முன்னாடியே டிசிக்கு (நம்ம ஊர்ல கலெக்டர்) எழுதிக் குடுக்கணும்னு அதுல இருந்துச்சு, 2023 ஜூன்ல அத ரத்து பண்றதா கேபினட் முடிவும் எடுத்துச்சு, அதனால நீங்க குடுக்கப் போற தேதிக்கு எது நடைமுறைன்னு கேட்டு அதுபடி போங்க. அரிசி குடுத்து, ஃபீஸ் கட்டி ஆள் சேக்குறது சட்டத்துக்கும் ஆகாது, சபைக்கும் ஆகாது.

அப்புறம் ரெண்டு கேள்வி நீங்க எதிர்பாக்காத நேரத்துல வரும். சபையில மொத கல்யாணம் வர்றப்ப, 1872 கிறிஸ்தவத் திருமண சட்டப்படி நடத்தி வெக்க உங்களுக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேப்பாங்க, பாஸ்டர்னு போட்டுக்கிட்டா மட்டும் அந்த அதிகாரம் வந்துடாது. இல்லன்னா ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல ரெஜிஸ்டர் பண்ணச் சொல்லிட்டு நீங்க ஜெபம் பண்ணுங்க. ரெண்டாவது, வயசானவங்க மெதுவா கேப்பாங்க, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க அடக்கம் பண்ணுவீங்கன்னு. உங்க கூட்டத்துக்கு சந்தோஷமா வருவாங்க, ஆனா சிஎஸ்ஐ சந்தா மட்டும் நிறுத்த மாட்டாங்க, கல்லறைல இடம் வேணும்ல. அதுக்கு அவங்கள குத்தம் சொல்லாம, பெரிய சபை ஒண்ணுகிட்ட முன்னாடியே பேசி ஒரு ஏற்பாடு எழுதி வாங்கி வெச்சுக்குங்க, சாவு வீட்ல நின்னுக்கிட்டு போன் பண்ண முடியாது.

ரெண்டு வருஷம் கழிச்சும் அதே எட்டு குடும்பம்தான்னா வீட்டுக் கூட்டமாவே நடத்துங்க, அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. ஹால் எடுத்தப்புறம் ஓடலன்னா, அட்வான்ஸ் பணம் தீர்ற வரைக்கும் இழுக்காம மூணு மாசம் முன்னாடியே சபைக்கு சொல்லிடுங்க, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எந்த சபை கிட்டன்னு பாத்து அந்த பாஸ்டர்கிட்ட நீங்களே கூட்டிட்டுப் போய் விடுங்க, கீபோர்டு சேர் எல்லாம் டீட்ல எழுதினபடி இன்னொரு டிரஸ்ட்டுக்குப் போகட்டும்.