தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தம் அன்பைத் தாமே சோதித்துப் பார்க்கும் முறை

ஒரு குழுவை வழிநடத்துபவர், தம்முடன் பணிபுரிபவர்களிடம் தமக்கு அன்பு உண்டா என்று தம்மையே கேட்டுக்கொண்டால், பெரும்பாலும் உண்டு என்ற விடைதான் வரும். அந்த விடை பொய்யாகவும் இராது. ஆனால் எல்லோரிடமும் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசையும் அந்த அன்போடு கலந்து கிடக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் பயிற்சி வேண்டும்.

இதை நான் ஒரு தவறிலிருந்தே கற்றுக்கொண்டேன். என் குழுவில் இருந்த இளைஞர் ஒருவரின் அறிக்கைகளில் கணக்குகள் அடிக்கடி பிழையாக இருந்தன. அவர் மனம் நோகக்கூடாது என்று, இரவில் நானே உட்கார்ந்து திருத்தி அனுப்பிவந்தேன். ஆண்டு இறுதியில் அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. காரணத்தைச் சொன்னபோது, “அப்போதே சொல்லியிருக்கலாமே, சார்” என்று மட்டும் கேட்டார். அவருடைய முகம் வாடுவதைப் பார்க்க எனக்கிருந்த தயக்கத்துக்குத்தான் நான் அன்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆகவே, சொல்லாமல் விட்ட சொல்லிலிருந்து சோதனையைத் தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் 15 நிமிடம் தனியாக உட்கார்ந்து, அந்த வாரம் நடந்த ஒரே ஓர் உரையாடலை, இருவரும் பேசிய சொற்களோடு காகிதத்தில் எழுதுங்கள். நாக்கு நுனிவரை வந்து நின்றுபோன சொல் எது, அப்போது உள்ளுக்குள் என்ன உணர்ந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியான ஆய்வில் மாணவர்களை 4 நாள்கள், நாளுக்கு 15 நிமிடம், தம்மைப் பாதித்த நிகழ்வுகளைப் பற்றி எழுதச் செய்தார். நிகழ்வையும் உணர்வையும் சேர்த்து எழுதியவர்களே பின்வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாக மருத்துவரை நாடினார்கள்.

எழுதியதும், அந்த மௌனத்தால் யாருக்கு நன்மை என்று கேளுங்கள். ‘ஏன் அப்படிச் செய்தேன்’ என்று கேட்டால் மனம் உடனே தனக்காக வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடும். ‘அப்போது எதற்கு அஞ்சினேன்’ என்று கேட்டால் விடை சுருக்கமாகவும் நேராகவும் வரும். உங்கள் நேரத்தை யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பேசுவதற்கு இனிமையானவர்களின் பெயர்களே அதில் திரும்பத் திரும்ப வந்தால், அன்பு ஓரவஞ்சனையாகிக்கொண்டிருக்கிறது.

உண்மையாக இருப்பதை, மனத்தில் பட்டதையெல்லாம் கொட்டிவிடும் உரிமையாகச் சிலர் கருதுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. தம் அச்சம் முழுவதையும் குழுவின் தலையில் இறக்கிவைக்க வேண்டியதில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நடிக்கவும் கூடாது. “நிலைமை கடினமாக இருக்கிறது, முடிவு எனக்கும் இன்னும் தெரியாது, வெள்ளிக்கிழமை தெரிந்தவரை சொல்கிறேன்” என்பது உண்மையும் பொறுப்பும் சேர்ந்த பேச்சு.

நம் கண்ணுக்குத் தெரியாததை மற்றவர்களிடமிருந்துதான் அறிய முடியும். மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை அமைந்த குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததைக் கண்டார். அங்கே பிழையை வெளியில் சொல்ல அச்சமில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். எனவே இந்த மாதம் எத்தனை கெட்ட செய்திகள் உங்களிடம் நேரில் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட வரவில்லையென்றால், உங்களை இடித்துரைக்க ஆள் இல்லாமல் போய்விட்டதோ என்று கவலைப்படுங்கள்.

எழுதியதைக் காகிதத்தோடு விட்டுவிடாமல், 2 நாள்களுக்குள் உரியவரைத் தனியே சந்தியுங்கள். “இதை மூன்று வாரமாகச் சொல்லாமல் இருந்தேன், அது என் தவறு” என்று தொடங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை விளக்கம் எதுவும் கொடுக்காமல் கேளுங்கள்.