படம் போட்ட மெனுவும் பாழான நான்கு நாட்களும்

பாங்காக்குக்கு வரும் சொந்தபந்தங்களைச் சாப்பிட அழைத்துப்போவது பல வருடங்களாக என் தலையில் விழுந்த வேலை. போன மாதம் வந்த அக்கா மகன், இறங்கிய இரவே ஒரு படம் அனுப்பினான். ஆற்றங்கரை உணவகம், மேஜையில் ஐந்து தட்டுகள்: பாட் தாய் நூடுல்ஸ், டாம் யம் சூப், பச்சை நிறக் குழம்பு, சோம் டாம், காவ் சோய் என்ற குழம்பு நூடுல்ஸ். "மாமா, ஒரே இடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன்!" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் முதல் பயணத்தில் நான் செய்ததும் அச்சு அசல் இதேதான்.

குழாய்த் தண்ணீர் குடிக்காதே, டாம் யம்மில் மிதக்கும் எலுமிச்சைப்புல்லை மெல்லாதே என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். இங்கே சாப்பிட வருகிறவர்கள் செய்யும் மற்றத் தவறுகளை நான் சொல்கிறேன்.

எல்லாம் கிடைக்கும் கடையில் உட்காருவது

அந்த முதல் பயணம் நான்கு நாட்கள். விடுதிக்குப் பக்கத்தில் ஓர் உணவகம். கல்யாண ஆல்பம் கனத்துக்குப் படம் போட்ட மெனு. நான்கு இரவும் அங்கேயே சாப்பிட்டேன். பாட் தாய், தக்காளி சாஸில் புரட்டிய சேமியா போல இருந்தது. சோம் டாம் என்ற பப்பாளிக்காய் சாலட்டில் சர்க்கரைப் பாகு வழிந்தது. ஊருக்குத் திரும்பி, "தாய்லாந்துச் சாப்பாடா, ஒரே தித்திப்பு" என்று இரண்டு வருடம் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பிறகு வேலைக்காக இங்கே குடிவந்தபோது, அலுவலகத் தோழி ஒருவர் பிரதூனாம் பக்கம் ஒரு கடைக்கு அழைத்துப்போனார். கண்ணாடிக்குப் பின்னால் வெந்த கோழிகள் தொங்கின. வேறு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். "கோழிச் சோற்றுக் கடையில் கோழிச் சோறுதான் கிடைக்கும்" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காவ் மன் காய் என்று பெயர். ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்களின் கைப்பக்குவம். கோழிக் கொழுப்பிலும் கோழி வெந்த நீரிலும் சமைத்த சோறு, இஞ்சியும் புளித்த சோயா விழுதும் கலந்த சாறு. அந்தக் கடை நாள் முழுவதும் இந்த ஒன்றைத்தான் செய்கிறது. நான் அன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இந்த ஊர்க் கணக்கு அதுதான். பாட் தாய்க்கு இரும்புச் சட்டி புகையும் சூட்டில் இருக்க வேண்டும். புளியும் பனைவெல்லமும் மீன் சாறும் நொடியில் நூடுல்ஸில் ஏற வேண்டும். சோம் டாமுக்கு உரல் வேண்டும். நீங்கள் கேட்ட பிறகுதான் இடிக்க வேண்டும். காவ் சோய்க்குத் தேங்காய்ப்பால் குழம்பு காலையிலேயே கூட்டியாக வேண்டும். மூன்றையும் எண்பது பண்டங்களோடு சேர்த்து ஒரே அடுப்பங்கரை தருகிறது என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சாஸ் பாட்டில் இருக்கிறது என்று பொருள்.

பாட் தாய்க்கு மகா சாய் சாலையில், 1966 முதல் நடக்கும் திப்சமாய்க்குப் போங்கள். வரிசை நீளம்தான், ஆனால் நகரும். (அது அப்படியொன்றும் பழங்கால உணவில்லை, இரண்டாம் உலகப் போரை ஒட்டிய வருடங்களில் அன்றைய பிரதமர் பிபுன் சொங்கிராமின் அரசு பரப்பிவிட்டது.) காவ் சோய் வடக்கத்திப் பண்டம், அதைச் சியாங் மாயில் சாப்பிட வேண்டும். இரவுச் சந்தைக்கு அருகே பான் ஹாவ் பள்ளிவாசல் தெருவில், யுன்னானிலிருந்து வந்த முஸ்லிம்களின் வழிவந்த கடைகள் இருக்கின்றன. மதியத்துக்குள் போய்விடுங்கள். பல காவ் சோய் கடைகள் மாலைக்கு முன்பே பாத்திரம் கழுவிவிடும்.

மறுநாள் அக்கா மகனைப் பிரதூனாமுக்கு இழுத்துப்போனேன். உட்கார்ந்ததும் கேட்டான்: "இங்கே வேறு என்ன கிடைக்கும், மாமா?"

காரத்தில் வீரம்

"நாங்கள் பார்க்காத காரமா?" நானும் கேட்டவன்தான். நம் மிளகாய் எண்ணெயில் வதங்கி, குழம்பில் வெந்து, பாதி அடங்கித்தான் இலைக்கு வருகிறது. இங்கே விரல்நுனி அளவு பிரிக் கீ நூ மிளகாய் பச்சையாகவே உரலில் நசுங்கி, எலுமிச்சைச் சாறோடு நாக்கில் இறங்குகிறது. வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் சமையல் கடை ஒன்றில் "பெட் மாக்", நல்ல காரம், என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மூன்றாவது வாயில் காது அடைத்தது. கடைக்கார அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒட்டரிசிச் சோறும் பச்சை முட்டைக்கோஸும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு நான் "பெட் நிட் நோய்" ஆள். கொஞ்சூண்டு காரம் போதும்.

"இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்வது

இறைச்சி வராது, மீன் சாறு வரும். குழம்பு விழுதில் இறால் விழுது இருக்கும், சோம் டாமில் காய்ந்த இறால் இருக்கும். சைவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய சொல் "ஜே". மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து பறக்கும் கடையைத் தேடுங்கள். அங்கே பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. செப்டம்பர், அக்டோபரில் வரும் ஒன்பது நாள் ஜே விழாவின்போது பாங்காக்கின் சீனர் பகுதியான யாவரட்டிலும் புக்கெட் தீவிலும் தெருவெங்கும் இந்தக் கொடிதான்.

நூடுல்ஸ் சப்பென்று இருக்கிறது என்பது

மேஜையில் மீன் சாறு, மிளகாய்த் தூள், காடியில் ஊறிய மிளகாய், சர்க்கரை வைத்திருக்கிறார்கள். மீதி உங்கள் வேலை.

திங்கட்கிழமை யாவரட்டுக்குப் போவது

பாதித் தள்ளுவண்டிகள் இருக்காது. செவ்வாய் இரவு போங்கள்.

மாம்பழ ஒட்டரிசி

மாம்பழக் காலமான ஏப்ரல், மேயில் சாப்பிடுங்கள். டிசம்பரிலும் தருவார்கள், வேண்டாம்.