நார்ஃபோக் தீவு மிஷன் பள்ளியின் வரலாற்றைத் தேடிப் படிப்பது எப்படி

ஆங்கிலிக்கன் திருச்சபையின் மெலனீசிய மிஷன், பசிபிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் நார்ஃபோக் தீவில் 1867 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நடத்திய புனித பர்னபா உறைவிடப் பள்ளியைப் பற்றி அறிய விரும்புவோர், பள்ளிக் கட்டடத்தை விட்டுவிட்டு, மாணவர்கள் புறப்பட்டு வந்த தீவுகளிலிருந்து தொடங்குவது நல்லது. சாலமன், சாண்டா குரூஸ், பேங்க்ஸ் தீவுகளை முதலில் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மிஷனின் 'சதர்ன் கிராஸ்' கப்பல் அங்கெல்லாம் சென்றுதான் சிறுவர்களை அழைத்து வந்தது. முன்பு ஆக்லாந்தில் பள்ளி நடந்தபோது குளிர் தாங்காத மாணவர்களைக் குளிர்காலத்துக்கு முன்பே ஊர் சேர்க்க வேண்டியிருந்ததால், வெப்பம் மிகுந்த நார்ஃபோக்குக்கு அது மாற்றப்பட்டது என்பதை நினைவில் வைத்தால், பழைய கடிதங்களில் பயணப் பேச்சே நிறைந்திருப்பதன் காரணம் விளங்கும்.

நியூசிலாந்தின் 'பேப்பர்ஸ் பாஸ்ட்', ஆஸ்திரேலியாவின் 'ட்ரோவ்' ஆகிய இணையச் செய்தித்தாள் களஞ்சியங்களில் தேடும்போது அக்காலப் பெயர்களையே இட வேண்டும். சாலமன் தீவுகளின் கெலா அன்று 'புளோரிடா', பேங்க்ஸ் தீவுகளின் காவா அன்று 'சாண்டா மரியா'.

அடுத்து மொழியைக் கவனியுங்கள். பல மொழி பேசிய மாணவர்களுக்குப் பொதுமொழியாக ஆங்கிலம் அல்ல, பேங்க்ஸ் தீவுகளில் ஒன்றான மோட்டாவின் மொழியே அமைந்தது. எனவே மாணவர் கூற்றாக ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும் எதுவும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாகவே இருக்கும் என்று கொண்டு படிப்பது பாதுகாப்பானது. அம்மொழியிலேயே தம் நினைவுகளை எழுதிவைத்த ஜார்ஜ் சரவியா, பேங்க்ஸ் தீவுகளின் வனுவா லாவாவில் பிறந்து, 1873இல் மெலனீசியரில் முதல் ஆங்கிலிக்கன் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர்; மிஷன் அறிக்கைகள் பத்தைப் படிப்பதற்கு முன் அவருடைய நினைவுகளைப் படிக்கலாம் என்பது என் கருத்து.

மிகுந்த எச்சரிக்கை வேண்டிய இடம், 1871 செப்டம்பர் 20 அன்று சாண்டா குரூஸ் பகுதியிலுள்ள நுக்காபு தீவில் மெலனீசியாவின் முதல் பிஷப்பும் மிஷனின் தலைவருமான பேட்டசன் கொல்லப்பட்ட நிகழ்வு. தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கும் கப்பல்கள் தீவினரைக் கடத்திச் சென்றதற்கான பழிவாங்கல் என்றே மிஷன் தரப்பு விளக்கியது. பிற்கால ஆய்வாளர் சிலர், சிறுவர்களைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதைத் தீவினர் எவ்வாறு கண்டனர் என்ற கேள்வியையும் எழுப்பினர். இரண்டையும் பக்கத்துப் பக்கமாக எழுதி வைத்துக்கொண்ட பிறகே மேலே செல்லுங்கள். ஏனெனில் பள்ளியின் பிற்கால ஆவணங்கள் பலவற்றில் அந்த மரணத்தின் நிழல் படிந்திருக்கிறது.

தீவுக்கே செல்ல வாய்ப்பவர்கள், பேட்டசன் நினைவாக எழுப்பப்பட்டு 1880இல் அர்ப்பணிக்கப்பட்ட சிற்றாலயத்தைக் காணலாம். ஆங்கில ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை வழிகாட்டிகள் தாமாகவே காட்டிவிடுவார்கள். நீங்கள் சற்றுக் குனிந்து, இருக்கைகளின் ஓரங்களில் மெலனீசியக் கைவினையாக முத்துச்சிப்பி பதிக்கப்பட்டிருப்பதையும் பாருங்கள்.