மூடிய பள்ளியின் மாணவர் கணக்கைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் என் மகன் படித்த பொதுத் தொடக்கப்பள்ளியை மூடியபோது, ‘பிள்ளைகள் இல்லை’ என்று ஒரே வரியில் காரணம் சொன்னார்கள். அந்த எரிச்சலில் கற்றுக்கொண்டது இது.

பள்ளியை மூடினாலும் அதன் கணக்கு அழிவதில்லை. தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் ‘காமன் கோர் ஆஃப் டேட்டா’ தொகுப்பில் 1986-87 கல்வியாண்டு முதல் தேடலாம். பெயரை நம்பாதீர்கள்; லிங்கன் பெயரில் ஊருக்கு ஊர் பள்ளி உண்டு. 12 இலக்க அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் 7 இலக்கம் கல்வி மாவட்டத்தையும், மீதி 5 பள்ளியையும் குறிக்கும். பழைய ஆண்டுகளை எடுக்க மையத்தின் இணையதளத்தில் உள்ள ‘எல்சி’ (ElSi) அட்டவணைக் கருவி வசதியானது.

கடைசி ஆண்டு எண்ணை மட்டும் எடுத்து வாதாடுவது எனக்குப் பிடிக்காது. மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பினாலே பெற்றோர் வேறு பள்ளி பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பத்தாண்டாவது பின்னால் போங்கள். ஆண்டுகளைக் கீழ்நோக்கியும் வகுப்புகளைக் குறுக்கேயும் எழுதி, மூலைவாட்டில் படியுங்கள்: இந்த ஆண்டின் முதல் வகுப்புதான் அடுத்த ஆண்டின் இரண்டாம் வகுப்பு. கிண்டர்கார்டன் மட்டும் ஆண்டுதோறும் சிறுத்தால், புதிதாகச் சேர்பவர்கள் குறைகிறார்கள். எல்லா வகுப்பும் ஒரே ஆண்டில் சரிந்தால், எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்ற எல்லைக்கோட்டைக் கல்வி மாவட்டம் மாற்றியதா, பக்கத்தில் சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி) வந்ததா என்று விசாரியுங்கள். ஐந்தாம் வகுப்பு திடீரென்று பூஜ்யமானால் பதற வேண்டாம். அதை நடுநிலைப்பள்ளியோடு சேர்த்திருப்பார்கள்.

இனவாரிக் கணக்கில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கவனம் தேவை. அப்போதுதான் வகைகள் ஐந்திலிருந்து ஏழாயின. ‘இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்கள்’ தனி வகையானது. கறுப்பின, வெள்ளையின எண்ணிக்கையில் அப்போது தெரியும் சரிவு வெறும் காகிதச் சரிவாகவும் இருக்கலாம். ஹிஸ்பானியர் எந்த இனமானாலும் ஹிஸ்பானியராகவே எண்ணப்படுவார்கள்.

மதிய உணவுச் சலுகையை வறுமையின் அளவுகோலாக எடுப்பவர்கள் உண்டு. குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டில் 130 சதவீதம் வரை என்றால் இலவசம். 185 வரை குறைந்த விலை. ஆனால் 2014-15 முதல் நாடு முழுவதும், தகுதியுள்ள பள்ளிகள் விண்ணப்பமே வாங்காமல் எல்லாருக்கும் இலவசமாக உணவளிக்க முடிகிறது. சலுகை பெறுவோர் 70 சதவீதத்திலிருந்து ஒரே ஆண்டில் 100 ஆனால், அந்தத் தெருவே ஏழையாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

பிறகு, பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட பள்ளியின் மறு ஆண்டுக் கணக்கையும் எடுங்கள். 2013இல் சிகாகோ ஏறத்தாழ 50 பள்ளிகளை மூடியபோது, பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள். மூடிய பள்ளியின் தாளை மட்டும் பார்த்தால் அவர்கள் எங்கே போனார்கள் என்பது தெரியாது.