வருடாந்திர வரைபடச் சந்திப்பிலிருந்து முதல் ஜிஐஎஸ் வேலைக்கு: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

ஜிஐஎஸ் துறையில், அதாவது இடங்களைப் பற்றிய தரவைக் கணினியில் வரைபடமாக்கி அலசும் துறையில், முதல் வேலை தேடுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விளம்பரத்தில் தொடக்கநிலை வேலை என்று போட்டிருக்கும், கீழே அனுபவம் கேட்டிருக்கும். இதைத் தாண்ட எனக்குத் தெரிந்த நல்ல வழி, உங்கள் பகுதி வரைபடக் குழு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் சந்திப்பு. சும்மா போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதைச் சொல்லவில்லை. நீங்களே செய்து முடித்த ஒரு சின்ன வரைபடத்தோடு போக வேண்டும். அதை எப்படிச் செய்வது, சந்திப்பில் யாரிடம் என்ன பேசுவது, அப்புறம் எப்படி விண்ணப்பிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். சந்திப்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தொடங்கினால் நிதானமாக முடிக்கலாம். ஒரு சாதாரண மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும். இங்கே சொல்லும் மென்பொருள் எல்லாமே இலவசம்.

படி 1: எந்த வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்களுக்குக் கிடைக்கும் வேலைகள் பெரும்பாலும் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கட்டடம், சாலை, நீர்நிலை வரைவது ஒன்று. மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்ப்பது இன்னொன்று. ஜிபிஎஸ் கருவியோடு களத்துக்குப் போய் விவரம் சேகரிப்பது, அலுவலகத்தில் ஜிஐஎஸ் டெக்னீஷியனாக இருந்து தரவைச் சுத்தம் செய்து வரைபடம் அச்சிட்டுக் கொடுப்பது, இயந்திரக் கற்றலுக்காகப் படங்களில் பொருட்களைக் குறித்துத் தருவது ஆகியவை மற்றவை.

இவற்றில் வெறுமனே வரைகிற வேலையை மட்டும் நம்பி இறங்காதீர்கள் என்பது என் கருத்து. மைக்ரோசாஃப்ட், கூகுள் இரண்டுமே இயந்திரக் கற்றல் மூலம் எடுத்த கட்டட எல்லைகளைப் பெரும் பரப்புகளுக்குப் பொதுவில் கொடுத்திருக்கின்றன. இயந்திரம் வரைந்ததில் எது வீடு, எது வைக்கோல் போர், எது பாறை என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். சரிபார்க்கத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் இடம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் அடுத்த படிகளைச் சரிபார்க்கும் கண்ணை வளர்க்கிற மாதிரியே அமைத்திருக்கிறேன்.

படி 2: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையப் பழகுங்கள்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். கணக்கு திறந்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தெருவுக்குப் பெரிதாக்கி, ‘திருத்து’ என்பதை அழுத்தினால் ஐடி என்ற எடிட்டர் உலாவியிலேயே திறக்கும். அது தரும் சிறு பயிற்சியைத் தவறாமல் முடித்துவிடுங்கள்.

இப்போது ஒரு கட்டடம் வரைவோம். விசைப்பலகையில் 3 அழுத்தினால் பரப்பு வரையும் கருவி வரும். கூரையின் ஒரு மூலையில் சொடுக்கி, ஒவ்வொரு மூலையாகப் போய், தொடங்கிய புள்ளியிலேயே முடியுங்கள். இடப்பக்கம் வரும் பட்டியலில் ‘கட்டடம்’ என்று தேர்ந்தெடுங்கள். கோணல்மாணலாக இருந்தால் க்யூ விசையை அழுத்துங்கள், மூலைகள் செங்கோணமாகிவிடும். வட்டமான கட்டடத்துக்கு இதைச் செய்யக் கூடாது.

பலர் கவனிக்காமல் விடுகிற இடம் இனிமேல்தான் வருகிறது. செயற்கைக்கோள் நேர் மேலிருந்து படம் எடுப்பது அரிது. சற்றே சாய்ந்துதான் பார்க்கும். உயரமான கட்டடத்தின் ஒரு பக்கச் சுவர் படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், கூரை இருக்கிற இடம் கட்டடத்தின் அடித்தளம் இருக்கிற இடம் இல்லை. கூரையை வரைந்து முடித்ததும் எம் விசையை அழுத்தி, முழு வடிவத்தையும் சுவர் தரையைத் தொடுகிற இடத்துக்கு நகர்த்துங்கள். சந்திப்பில் அனுபவசாலி ஒருவர் உங்கள் பங்களிப்பைத் திறந்து பார்த்தால் முதலில் கவனிப்பது இதைத்தான்.

சேமிக்கும்போது ஒரு குறிப்பு கேட்கும். ‘திருத்தம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், என்ன செய்தீர்கள், எதைப் பார்த்துச் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ‘பள்ளிக்குக் கிழக்கே உள்ள கட்டடங்கள் சேர்த்தேன், செயற்கைக்கோள் படத்திலிருந்து’ என்பது போல. பக்கத்திலேயே, என் திருத்தங்களை யாராவது பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கும் பெட்டி இருக்கும். அதில் டிக் போடுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து திருத்தம் சொல்வார். அவருக்கு நன்றி சொல்லிச் சரிசெய்யுங்கள். பின்னாளில் உங்களை வேலைக்கு எடுக்கிறவர் இந்த உரையாடலையும் படிக்கலாம். விமர்சனத்தை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பு: கூகுள் மேப்ஸ் போன்ற உரிமை உள்ள வரைபடங்களைப் பார்த்துப் பெயரையோ எல்லையையோ நகலெடுக்கக் கூடாது. எடிட்டருக்குள் கிடைக்கும் படங்களும், நீங்கள் நேரில் பார்த்ததும் போதும்.

படி 3: ஒரு கேள்வி, ஒரு வரைபடம்

இதுதான் முக்கியமான படி. வரைவதோடு நிறுத்தாமல், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் வரைபடம் ஒன்று செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, என் பகுதியில் எந்தக் கட்டடங்கள் பேருந்து நிறுத்தத்திலிருந்து 500 மீட்டருக்கு அப்பால் இருக்கின்றன?

தரவை வரைபடமாக்கி அலச உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளை நிறுவுங்கள். செருகுநிரல் பட்டியலில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை இறக்கித் தரும் குவிக்ஓஎஸ்எம் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் சாவி, மதிப்பு என்று இரண்டு பெட்டி இருக்கும். பேருந்து நிறுத்தத்துக்குச் சாவி ‘ஹைவே’, மதிப்பு ‘பஸ்_ஸ்டாப்’. இவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். கட்டடத்துக்குச் சாவி ‘பில்டிங்’, மதிப்பைக் காலியாக விடலாம். பரப்பைச் சிறிதாக வைத்துக்கொண்டு இறக்குங்கள். இரண்டும் தனித்தனி லேயராக, அதாவது தரவு அடுக்காக, வந்து நிற்கும்.

அடுத்து, ஒவ்வொரு நிறுத்தத்தையும் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு வட்டம் போடும் பஃபர் கருவியைத் திறந்து 500 என்று போடத் தோன்றும். பொறுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அலகு என்னவென்று பாருங்கள். டிகிரி என்று இருக்கும். இறக்கிய தரவு ஈபிஎஸ்ஜி 4326 என்ற ஆயத்தொலைவு முறையில், அதாவது அட்சரேகை தீர்க்கரேகையில் இருக்கிறது. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். 500 டிகிரி என்றால் பூமியையே தாண்டிவிடும். மீட்டரில் அளக்க வேண்டுமானால் லேயரை மீட்டர் முறைக்கு மாற்ற வேண்டும்.

சிறு பரப்புக்கு, மீட்டரில் அளக்கும் யூடிஎம் என்ற ஆயத்தொலைவு முறை வசதி. உலகத்தை 6 டிகிரி அகலத்தில் 60 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் தீர்க்கரேகையோடு 180 கூட்டி, 6-ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்து 1 சேர்த்தால் மண்டலம் கிடைக்கும். மேற்குத் தீர்க்கரேகையைக் கழித்தல் குறியோடு போட வேண்டும். கிழக்கே 10 டிகிரி என்றால் 190-ஐ 6-ஆல் வகுக்க 31.67, அதாவது மண்டலம் 32. வட அரைக்கோளத்துக்கு 326 என்ற எண்ணோடு மண்டல எண்ணைச் சேர்த்து 32632 என்று தேடுங்கள். தென் அரைக்கோளத்துக்கு 327. சில இடங்களில் மண்டல எல்லையைக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் பெரும்பாலான ஊர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். ‘ரீப்ரொஜெக்ட் லேயர்’ கருவியில் இரண்டு லேயரையும் அந்த முறைக்கு மாற்றுங்கள். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் ஈபிஎஸ்ஜி 3857-ஐத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அதிலும் அலகு மீட்டர் என்றுதான் காட்டும், ஆனால் 60 டிகிரி அட்சரேகையில் நீளம் இரு மடங்காகத் தெரியும்.

இப்போது பஃபர் 500 மீட்டர். ‘டிசால்வ்’ என்ற பெட்டியில் டிக் போட்டால் வட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பிறகு ‘எக்ஸ்ட்ராக்ட் பை லொக்கேஷன்’ கருவியில் கட்டடங்களைக் கொடுத்து, பஃபரோடு சேராதவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். அவற்றுக்கு அழுத்தமான நிறம், மற்றவைக்கு வெளிர் நிறம். அச்சுப் பக்கத்தை அமைக்கும் லேஅவுட்டில் தலைப்பு, குறிவிளக்கம், அளவுகோல் வைத்து, ஓரத்தில் ‘© ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று போடுங்கள். தரவின் உரிமம் அதைக் கேட்கிறது.

வரைபடம் வந்துவிட்டது. வேலை இன்னும் முடியவில்லை. வரைபடத்தில் நிறுத்தமே இல்லாத மூலையில் உண்மையிலேயே நிறுத்தம் இல்லையா, அல்லது யாரும் இன்னும் குறிக்கவில்லையா? நடந்து போய்ப் பாருங்கள். ஆண்ட்ராய்டு ஃபோனில் எவ்ரிடோர் செயலி இருந்தால் அங்கேயே சேர்த்துவிடலாம். விடுபட்டதைச் சேர்த்த பிறகு தரவை மறுபடி இறக்கி வரைபடத்தைத் திருப்பிச் செய்யுங்கள். முன்பு, பின்பு என இரண்டு படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் யோசித்து வையுங்கள்: 500 மீட்டர் என்று நாம் அளந்தது நேர்க்கோட்டில். நடுவில் ரயில் பாதையோ கால்வாயோ இருந்தால் நடக்கிற தூரம் வேறு. இந்தக் குறையை வரைபடத்தின் அடியிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நேர்காணலில் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிட்டால், பேச்சு அங்கிருந்து சரளமாகப் போகும்.

படி 4: நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள்

பொதுவாக இத்தகைய சந்திப்புகளில் உரைகள், பயிலரங்குகள், எல்லோரும் சேர்ந்து வரையும் மேப்பத்தான், ஐந்து நிமிடச் சிற்றுரைகள் இருக்கும். உரைகளைப் பிறகு வீடியோவில் பார்க்கலாம். உலக அளவில் 2007 முதல் நடந்துவரும் ஸ்டேட் ஆஃப் த மேப் சந்திப்பின் பல உரைகள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. அதனால் நேரில் போனால்தான் கிடைக்கும் பகுதிகளுக்கு முன்னுரிமை கொடுங்கள்: பயிலரங்கு, மேப்பத்தான், இடைவேளை.

சிற்றுரைக்கு இடம் இருந்தால் துணிந்து பெயர் கொடுங்கள். கேள்வி, முதல் படம், களத்தில் கண்டது, இரண்டாம் படம், குறை. இந்த ஐந்தும் ஐந்து நிமிடத்துக்குச் சரியாக வரும். பயணச் செலவு தடையாக இருந்தால் உதவித்தொகை உண்டா, தன்னார்வலராக வரலாமா என்று ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். பதிவு மேசையில் ஒரு மணி நேரம் நிற்கிறவருக்கு வருகிறவர்களெல்லாம் அறிமுகமாகிவிடுவார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது அந்த மேசையைத்தான்.

படி 5: சந்திப்பு நாளில்

மேப்பத்தானில் சரிபார்ப்பவர்கள் உட்காரும் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். 2010 ஹெய்தி நிலநடுக்கத்துக்குப் பிறகு உருவான, பேரிடர் பகுதிகளை வரையும் ஹியூமானிட்டேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டீம் என்ற அமைப்பின் டாஸ்கிங் மேனேஜர் தளத்தில்தான் பல மேப்பத்தான்கள் நடக்கின்றன. வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுப்பார்கள், ஒருவர் வரைந்த கட்டத்தை இன்னொருவர் சரிபார்ப்பார். உங்கள் கட்டத்தைச் சரிபார்க்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பத்து நிமிடம் அப்படிப் பார்ப்பது ஒரு பயிலரங்குக்குச் சமம்.

இடைவேளையில் ‘எனக்கு வேலை இருக்கிறதா’ என்று எடுத்தவுடன் கேட்டால் எதிரில் இருப்பவருக்குச் சங்கடம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

‘சார், உங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர் முதல் மாதம் என்ன வேலை செய்வார்?’

‘புதியவர்கள் கொடுக்கும் தரவில் நீங்கள் அடிக்கடி திருத்துவது எதை, மேடம்?’

இரண்டுக்கும் வரும் பதிலை அன்றிரவே குறித்து வையுங்கள். அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பதற்கான பட்டியல் அதிலேயே இருக்கும். பேச்சு நன்றாகப் போனால் ஃபோனில் உங்கள் வரைபடத்தைக் காட்டி, இதில் என்ன குறை என்று கேளுங்கள். பாராட்டைவிடக் குறை சொல்கிறவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: திரும்பி வந்த வாரம்

குறை சொன்னவருக்கு, அதைச் சரிசெய்த வரைபடத்தோடு நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

சுயவிவரத்தில் ‘ஜிஐஎஸ் தெரியும்’ என்ற வரியை எடுத்துவிட்டு, செய்ததை எழுதுங்கள்: ‘பேருந்து நிறுத்தத் தரவைக் களத்தில் சரிபார்த்து, கியூஜிஐஎஸ்ஸில் 500 மீட்டர் பஃபர் பகுப்பாய்வு செய்தேன்.’ பக்கத்தில் வரைபடத்தின் இணைப்பும், உங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பயனர் பக்கத்தின் இணைப்பும் இருக்கட்டும்.

அடுத்து என்ன கற்பது என்று கேட்டால், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் என்பேன். இடம்சார் தரவைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் இதே பேருந்து நிறுத்தக் கேள்விக்கு மறுபடி பதில் தேடிப் பாருங்கள். கியூஜிஐஎஸ்ஸில் வந்த எண்ணிக்கையும் இதில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால், இரண்டு பக்கமும் லேயர் எந்த ஆயத்தொலைவு முறையில் இருக்கிறது என்பதிலிருந்து தேடத் தொடங்குங்கள். பைத்தான் நிரல்மொழியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.