விழுந்து எழும்பினவர்கள் காட்டுப்பாதையில் செய்யும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் மலை எங்கே இருக்கிறது, மலைச்சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்கள் மணற்காட்டுச் சவுக்கந்தோப்புக்குள் ஒருதரம் சைக்கிளை விட்டுப் பார்க்கலாம். மேலே ஊசி ஊசியாகச் சவுக்கந்தும்பு, அதற்குக் கீழே மணல், மணலுக்குள் வேர். கடலைவிட்டு உள்ளே வந்தால் சுண்ணக்கல் முனை, வடலிக் கருக்கு, நாகதாளி. ஏற்றம் இறக்கம் குறைவுதான். ஆளை விழுத்த இது போதும்.

விழுந்து, முறிந்து, பிளாஸ்டர் கழற்றி, திரும்பவும் ஏற நினைக்கிறவர்களுக்கான குறிப்பு இது. அவர்கள் செய்யும் பிழைகள் புதியவை அல்ல. இந்தத் தடங்களில் ஓடிப் பழகிய எல்லாரும் ஒரு காலத்தில் செய்தவைதான். தண்ணீர் கொண்டு போங்கள், இருட்டில் ஓடாதையுங்கள் என்பதெல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுவோம்.

மணிக்கட்டு நோவைச் சுளுக்கு என்று விடுவது

சைக்கிளால் விழுகிறவர் கையை ஊன்றித்தான் விழுவார். அந்த அடி உள்ளங்கை வழியாகப் போய் மணிக்கட்டில் உள்ள படகெலும்பில் இறங்கும். பெருவிரலை மேலே நிமிர்த்தினால் அதன் அடியில் இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி தெரியும். அந்தக் குழிக்குள் அழுத்தும்போது நொந்தால் சுளுக்கு என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். எண்ணெய் போட்டு உருவவும் விட வேண்டாம்.

இந்த எலும்பின் வெடிப்பு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழமை. 10 முதல் 14 நாள் கழித்து எடுத்த இரண்டாவது படத்தில்தான் பலருக்கு வெளிப்படும். முதல் படம் சுத்தமாக இருந்தாலும் குழி நோகிறது என்பதை வைத்தியரிடம் சொல்லி, அதுவரை கையை அசையாமல் கட்டி வைத்திருக்கக் கேளுங்கள். இந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்கத்தில் இருந்து பின்னோக்கித்தான் வருகிறது. நடுவில் வெடித்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டுக்கு ஓட்டம் குறையும், பொருந்தாமலே கிடக்கும். ஒரு வருடம் கழித்து ஹான்டிலைப் பிடிக்க முடியாமல் வருகிறவர்களின் கதை அனேகமாக இங்கேதான் தொடங்கியிருக்கும்.

விழுந்த இடத்துக்கே போய்ப் பயத்தை முறிக்கப் பார்ப்பது

இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எத்தனை தரம் சொன்னாலும் நடக்கிறது. பிளாஸ்டர் வெட்டி ஒரு கிழமை. சிநேகிதர்கள் நாலு பேர் கூட்டிக்கொண்டு போய் அதே மேட்டில் விடுவார்கள். "மச்சான், ஒருக்கா இறங்கிப் பார், பயம் போயிடும்." இறங்குவார். பாதி வழியில் முன்சில்லு புதையும். அதே கை, அதே இடம், இன்னொரு ஆறு கிழமை.

"எத்தினை கிழமை தம்பி?" என்று கேட்டால் "ஆறு முடிஞ்சுது அண்ணை, டொக்டர் கழட்டி விட்டவர்" என்று பதில் வரும். கழற்றி விட்டது உண்மை. எலும்பு பொருந்திவிட்டது என்பதற்குமேல் அதற்குப் பொருள் இல்லை. ஆறு கிழமை கட்டியிருந்த மணிக்கட்டு பின்பக்கம் முழுதாக வளையாது, முன்கைத் தசை வற்றியிருக்கும், பிடி தளர்ந்திருக்கும். காட்டுப்பாதையில் பெடலில் எழும்பி நிற்கிறவரின் மணிக்கட்டு வளைந்த நிலையிலேயே ஒவ்வொரு வேரின் அடியையும் வாங்குகிறது. வீட்டில் சோற்றுக் கோப்பை தூக்குவதோடு இதை ஒப்பிட முடியாது.

இனிப் பயம். பயந்தவரின் உடம்பு செய்வது எல்லாருக்கும் ஒன்றுதான்: முழங்கை நேராகிப் பூட்டிக்கொள்ளும், இடுப்பு சீற்றுக்குப் பின்னால் போகும், பத்து விரலும் ஹான்டிலை இறுக்கும், பார்வை முன்சில்லுக்கு மூன்று அடி முன்னால் நிற்கும், முன் பிறேக் அரைகுறையாகப் பிடித்தபடியே இருக்கும். மணலில் இவை ஒவ்வொன்றும் விழுவதற்கான காரணம். பிறேக்கோடு உருளும் முன்சில்லு மணலை உழுதுகொண்டு உள்ளே இறங்கும். முழங்கை பூட்டியிருந்தால் சில்லு ஒரு பக்கம் இழுக்கும்போது கை அதை விட்டுக்கொடுக்காது, முழு உடம்பையும் அந்தப் பக்கம் சேர்த்துத் திருப்பிவிடும். வேகம் குறையக் குறைய சைக்கிள் தள்ளாடும், தள்ளாடத் தள்ளாட இன்னும் இறுக்குவார். "மெதுவாத்தானே வந்தனான், எப்பிடி விழுந்தன்?" என்பார். மெதுவாக வந்ததால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, மணல் தடத்தில் "விழுந்த இடம்" என்று ஒன்றே கிடையாது. மாரி மழை கழிந்த தை மாதத்தில் இறுகி, ரயர் தடம் பதியாமல் கிடந்த அதே வளைவு, சோளகக் காற்று இரண்டு மாதம் அடித்த ஆடியில் ஒரு சாண் தூள் மணலாகிவிடும். மேடு நகர்ந்திருக்கும், வேர் வெளியே வந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். தையில் விழுந்தவர் ஆடியில் போய் எதை வெல்லப் போகிறார்? அது வேறு இடம், அதைவிடக் கடினமான இடம்.

ஆகவே இடத்தைக் கடைசியாக வைத்து, கையில் இருந்து தொடங்குங்கள். வைத்தியரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் பாரம் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகு, முதலில் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றித் தள்ளுவது, 20 தரம். நோ இல்லையென்றால் மேசை விளிம்பில். அதுவும் சரியென்றால் முழந்தாளில் நின்று தரையில். ஈரத் துவாயை இரண்டு பக்கமும் முறுக்கிப் பிழியுங்கள். கிணறு இருக்கிற வீடென்றால் இதைவிட நல்ல சோதனை வேறில்லை: கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுத்துப் பத்து வாளி. நொந்த கைக்கு வரும்போது மட்டும் கயிறு வழுக்கினால் இன்னும் காலம் இருக்கிறது.

பிறகு சைக்கிள். சீற்றை 5 சென்ரிமீற்றர் இறக்குங்கள். ஊர் மைதானத்தில், தட்டையான இறுகிய தரையில், பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க எழும்பி நின்று உருளுங்கள், முழங்கை வெளிப்பக்கம் மடிந்திருக்கட்டும். ஒரு கோடு கீறி, அதில் நிற்பாட்டிப் பழகுங்கள். முதலில் பின் பிறேக் மட்டும், அடுத்து முன் பிறேக் மட்டும், பிறகு இரண்டும், ஒவ்வொன்றும் பத்துத் தரம், சுட்டுவிரல் ஒன்றால். அடுத்தது ஒரு செங்கல் உயரத்தில் ஏறி இறங்குவது. அதற்கு அடுத்தது கிரவல் வீதி. கடைசியில்தான் மணல், அதுவும் மழை பெய்த மறுநாள் காலையில், நேர்த் தடத்தில்.

ஒரு படியில் இருந்து அடுத்ததுக்குப் போக இரண்டு சோதனை. ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவிரல், மோதிரவிரல், சின்னவிரல் மூன்றாலும் ஹான்டிலில் மிருதங்கம் தட்டிப் பாருங்கள். தட்ட முடியவில்லை என்றால் பயம் இன்னும் கையில் நிற்கிறது. மற்றது மறுநாள் காலை: எழும்பும்போது மணிக்கட்டு வீங்கியோ விறைத்தோ இருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். அடுத்தடுத்து மூன்று தரம் இரண்டும் சரியாக வந்தால் மேலே போகலாம். இது நாலு கிழமையில் முடிகிறவரும் உண்டு, மூன்று மாதம் எடுக்கிறவரும் உண்டு.

பழைய மேட்டுக்குப் போகும் நாளில் சைக்கிளைச் சாத்திவிட்டு முதலில் நடந்து இறங்குங்கள். பாதம் எவ்வளவு புதைகிறது, வேர் எங்கே, எதிலே வெளியேறப் போகிறீர்கள் என்று பாருங்கள். கமராவோடு கீழே ஒருவர் நிற்க வேண்டாம்.

காறை எலும்பு (கழுத்தடியில் இருந்து தோளுக்குப் போகும் முன்பக்க எலும்பு) முறிந்தவர் முதுகுப்பை போடுவது

பட்டி சரியாக முறிவின் மேல்தான் இருக்கும். போத்தலைச் சைக்கிளில் பூட்டுங்கள், மற்றதை இடுப்பில் கட்டுங்கள்.

விழுந்த ஹெல்மெற்றைத் திரும்பப் போடுவது

வெளி ஓட்டில் கீறல்கூட இல்லை என்பார்கள். உயிரைக் காக்கிறது உள்ளே இருக்கும் நுரை. ஒருதரம் நசுங்கித்தான் அது அடியை வாங்கும், திரும்ப உப்பாது. தலை அடிபட்டிருந்தால் வேறு வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் பதிலுக்கு ஆகாது, அந்தப் பாரத்தோடும் வெக்கையோடும் அரை மணித்தியாலம் உழக்க முடியாது.

தன்னைப் பார்த்தவர் சைக்கிளைப் பார்க்காமல் ஏறுவது

விழுந்த நாளில் சைக்கிளைக் கொட்டிலில் சாத்தியது, ஆறு கிழமை கழித்து அப்படியே எடுப்பது. முதலில் முன்சில்லை முழங்காலுக்கு நடுவே பிடித்து ஹான்டில் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினிய ஹான்டில் வளைந்திருந்தால் நிமிர்த்த வேண்டாம், நிமிர்த்திய இடத்தில்தான் அது பின்னொரு நாள் முறியும். பின் கியர் மாற்றி தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு வலப்பக்கமாக விழுந்தால் உள்ளே வளையும். மைதானத்தில் கியர் ஒழுங்காகத்தான் மாறும். ஏற்றத்தில் ஆகப் பெரிய பல்லுக்குப் போடும்போது மாற்றி கம்பிக்குள் புகுந்து சில்லையும் தன்னையும் கிழிக்கும். பின்னால் நின்று பாருங்கள், மாற்றியின் இரண்டு சின்னச் சில்லும் பல்லோடு ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும்.

பிறேக் நெம்பைப் பூட்டும் ஆணியை முழுதாக இறுக்க வேண்டாம். கையால் பலமாகத் திருப்பினால் அசையும் அளவு போதும். அடுத்த முறை விழும்போது நெம்பு முறியாமல் சுழன்றுபோகும். நெம்பின் சாய்வையும் திருத்துங்கள்: பெடலில் எழும்பி நிற்கும்போது முன்கை, புறங்கை, சுட்டுவிரல் மூன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும். நொந்த மணிக்கட்டுக்கு இந்த ஒரு மாற்றமே பாதி வைத்தியம்.

இரவல் சைக்கிள் என்றால் எந்த நெம்பு முன் பிறேக் என்று ஏறும் முன்னரே பிடித்துப் பாருங்கள். இங்கே வலக்கைதான் முன் பிறேக். வெளிநாட்டில் இருந்து வந்தவற்றில் மாறியும் இருக்கும். பயத்தில் கை பழக்கத்துக்கே போகும்.

காற்று

கடையில் ரயரைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு" என்று தருவார்கள். தார் வீதிக்கு அது சரி. 65 கிலோ ஆளுக்கு, 2.2 அங்குல ரயரில் ரியூப் இருந்தால் முன்னுக்கு 24, பின்னுக்கு 27 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்குங்கள். ரியூப் இல்லாத ரயர் என்றால் 3 அல்லது 4 குறைக்கலாம். மணலுக்கு இன்னும் இறக்க ஆசை வரும். ஆனால் இங்கே மணலுக்கு நடுவே சுண்ணக்கல் தலை நீட்டும். ரியூப்போடு 20க்குக் கீழே போனால் கல் விளிம்பில் றிம் முட்டி, பாம்புக்கடி போல் அருகருகே இரண்டு ஓட்டை விழும். ஒரே ஓட்டை என்றால் நெருஞ்சி அல்லது உடைமுள், ரயரின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்து முள்ளை எடுக்காமல் புது ரியூப் போட வேண்டாம். ரியூப் இல்லாத ரயருக்குள் ஊற்றும் அடைப்புப் பால் நமது வெக்கையில் சீக்கிரம் காயும், இரண்டு மாதத்துக்கு ஒருதரம் திறந்து பாருங்கள்.

சிலிப்பரோடு வருவது

வேண்டாம்.

பனங்கொட்டை

சில்லுக்குக் கீழே உருளும். கல் உருளாது. ஆவணி, புரட்டாதியில் பனைக்கூடலுக்குள் திருப்பத்தில் பிறேக் பிடிக்காதையுங்கள். திருப்பத்துக்கு முன்னரே பிடித்து முடியுங்கள். விழுந்து கிடக்கும் கருக்குமட்டையைச் சுற்றிப் போங்கள், கம்பிக்குள் சுழன்று வந்தால் கெண்டைக்காலை அறுக்கும்.

தடத்தை விட்டு இறங்குவது

முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கம் போர்க்காலத்து முன்னரங்கு ஓடிய நிலம். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை நிற்கும் காணிக்குள் குறுக்குவழி தேட வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் ஆட்களும் மாடுகளும் நாளும் நடக்கும் தடத்திலேயே நில்லுங்கள். சறுக்கிப் பற்றைக்குள் போனால் போன தடத்தைப் பார்த்தபடி அதிலேயே திரும்பி வாருங்கள். சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயம், 2015 இல் இருந்து தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே சைக்கிள் விட முடியாது.

தனியே போவது

இரண்டு பேராவது போங்கள். அம்புலன்சுக்கு 1990. அங்கே இருப்பவருக்குச் சவுக்கந்தோப்பு என்று சொன்னால் விளங்காது. கிட்டடியில் உள்ள கோயில் அல்லது தேவாலயத்தின் பெயரைப் போகும்போதே பார்த்து வையுங்கள். ஒருவர் விழுந்தவரோடு நிற்க, மற்றவர் தார் வீதிக்குப் போய் வாகனத்தை மறிக்க வேண்டும். மணலுக்குள் அது வராது.