வில்லுக்கு மரம் தேர்ந்தெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், வில் செய்யக் கற்றுக்கொள்ள வந்த தம்பி ஒருவர் ஆறடிப் பலகையைத் தோளில் சுமந்து வந்து, "நல்ல வைரம் பாய்ந்த மரம், அண்ணே" என்று பெருமையோடு நீட்டினார். பலகையைத் திருப்பி அதன் விளிம்பைப் பார்த்ததும், பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கி உடைத்த பலகையே திரும்பி வந்துவிட்டதோ என்று தோன்றியது. வெடித்த மரமும் பூச்சி அரித்த மரமும் ஆகாது என்பது எவருக்கும் தெரியும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பலகையின் முகத்தை மட்டும் பார்ப்பது

வில் வளையும்போது எய்பவரை நோக்கிய வயிற்றுப் பக்கம் நெருக்கப்படுகிறது. இலக்கை நோக்கிய முதுகுப் பக்கம் இழுபடுகிறது. அந்த முதுகில் மரத்தின் நார்கள் ஒரு நுனி முதல் மறு நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும். நார் சாய்வாக ஓடி விளிம்பில் வெளியேறும் இடத்தில்தான் முறிவு தொடங்குகிறது. 20 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் சாய்ந்தால் வளைவு வலிமையில் ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும். அதே சாய்வு 10 அங்குலத்துக்குள் நிகழ்ந்தால் 19 விழுக்காடும், 5 அங்குலத்துக்குள் என்றால் 45 விழுக்காடும் போய்விடும்.

சிங்கப்பூரின் மர வணிக வட்டாரமான சுங்கை காடுட்டில் நான் வாங்கிய சிவப்பு ஓக் பலகையின் முகத்தில் ஆண்டு வளையக் கோடுகள் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. அந்த நேர்த்தியில் மயங்கி, மூன்று வாரச் சனிக்கிழமைகளை இழைப்பதிலேயே செலவிட்டேன். நாணை 24 அங்குலம் இழுத்தபோது மேல்தண்டு (கைப்பிடிக்கு மேலே வளையும் பகுதி) பிளந்து, ஒரு சிம்பு என் காதை உரசிக்கொண்டு பறந்தது. முறிவைப் பார்த்த பிறகே புரிந்தது: வளையக் கோடு நேராக இருந்தாலும் நார் நேராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓக்கில் நாரின் போக்கைக் காட்டுபவை, பென்சிலால் கீறியது போன்ற நுண்துளைக் கீற்றுகள். அவை என் பலகையில் தொடக்கம் முதலே சாய்ந்திருந்தன, நான்தான் பார்க்கவில்லை. சந்தேகம் இருந்தால், இழைத்த பரப்பில் ஒரு துளி பேனா மையை விட்டுப் பாருங்கள். மை நாரின் வழியே நீளும். இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் இன்றும் ஒவ்வொருவராகப் பலகையை உடைப்பதைப் பார்க்கும்போது, எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மெராந்தி போன்ற இவ்வட்டார மரங்கள் பலவற்றில் நார் ஓர் அடுக்கில் ஒரு புறமும் அடுத்த அடுக்கில் மறுபுறமும் முறுக்கிப் பின்னியிருக்கும். பலகையில் பட்டை பட்டையாக மின்னும் அழகு அதனால் வருவதுதான். மேசைக்கு ஏற்ற அந்த அழகு வில்லுக்கு ஆகாது.

"கடையில் காய்ந்த மரம்" என்று நம்புவது

வில் மரத்தில் 8 முதல் 10 விழுக்காடு ஈரம் இருப்பது நல்லது. சிங்கப்பூரின் காற்று ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், திறந்த தாழ்வாரத்தில் கிடக்கும் மரம் 16 விழுக்காட்டை ஒட்டியே நின்றுவிடும். எத்தனை ஆண்டு வைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. ஈர மரம் எளிதில் உடைவதில்லை. நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே நின்று, அம்பை மந்தமாக அனுப்பும். அதனால் ஈரம் வற்ற, எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் குளிரூட்டிய அறையின் கட்டிலுக்கு அடியில் சில வாரங்கள் பலகை படுத்துக்கொள்கிறது. மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

கணு

தண்டின் நடுவில் இருந்தால் வாங்காதீர்கள்.

துண்டுகளை ஒட்டிய ரப்பர் மரப் பலகை

அலமாரிக்கு மட்டுமே.

சாலையோர மரத்தின் கிளை

அனுமதியின்றி வெட்டுவது குற்றம். விழுந்து கிடப்பதும் பெரும்பாலும் உளுத்தே இருக்கும்.